பாயிண்ட் இருபது

அத்தியாயம் ஆறு

குலாஸுக்கு நீச்சல் தெரியாது. வேலைக்குச் சேரும்போது இதை அவன் ரெமியிடம் சொல்லவில்லை. துப்பறிகிற வேலைக்கு நீச்சல் எதற்கு, வாய் நீளமாக இருந்தால் போதாதா என்று நினைத்திருந்தான். இப்போது மரிகினா ஆறு கடைக்குள்ளேயே வந்து, பரண் ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக முழுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"பாஸ், இன்னொரு படி போச்சு."

"நீ எண்ணுறதை நிறுத்து குலாஸ். யாரும் பாக்கலைன்னு தெரிஞ்சா அதுவா நின்னுடும்."

ரெமி டிமகிபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைத் தீ விபத்துகளை முகர்ந்து பார்ப்பதிலேயே கழித்தவள். எரிந்த வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்பு பற்றியதா, முதலாளி பற்ற வைத்ததா என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். தண்ணீர் அவளுக்குப் பழக்கமில்லாத எதிரி. அதனால்தானோ என்னவோ, அதை மதிக்கவே இல்லை.

காலையில் எல்லாரையும் மின்சிகரெட் விற்கிற இந்த வேப் கடைக்கு வரவழைத்ததும் அவள்தான். புகைப் போட்டி நாளில் யார் எங்கே நின்றார்கள் என்று நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். நிற்க வைப்பதற்குள் ஆற்றங்கரை வெள்ளச் சங்கு மூன்றாவது தடவை ஊதியது. மூன்றாம் சங்குக்கு அந்த ஊரே ஓடும். இவர்கள் ஓடியிருக்கலாம். ஆனால் கடை முதலாளி மாங் ப்ரூடென், கண்ணாடி அலமாரியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இரும்பு ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்துவிட்டார். யாரோ ஒருவருடைய ஃபிரிட்ஜ் மிதந்து வந்து அதில் மோதி ஷட்டரை மடக்கிவிட்டது. அதோடு சரி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பரணில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரே ஒரு ஜன்னல், அதில் கனமான இரும்புக் கிராதி. திருடன் உள்ளே வரக்கூடாது என்று மாங் ப்ரூடென் பார்த்துப் பார்த்துப் போட்டது.

"நல்ல கிராதிண்ணே," என்றான் குலாஸ். "திருடன் வரமாட்டான். நாமளும் போகமாட்டோம்."

"கிண்டல் பண்ணாதப்பா. பாராங்கே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போன் போட்டாச்சு. படகு வருது, கம்பி அறுக்கிற மிஷினும் வருது."

"படகு வரட்டும்," என்றான் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிட்ரோ. "வந்ததும் நான் நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன். போதும்க்கா. எல்லாரையும் இப்படித் தண்ணியில உக்கார வெச்சு என்ன ஆகப் போகுது?"

இந்த சிட்ரோவுக்காகத்தான் இத்தனை பாடும். அந்தக் கடையில் காயில் சுற்றுபவன் அவன். மெல்லிய கம்பியை ஸ்க்ரூடிரைவர் தண்டில் சுற்றி, செம்புக் குழாயின் தலையில் முடுக்கிக் கொடுப்பான். கீழே பேட்டரி, பொத்தானை அழுத்தினால் கம்பி சூடேறி, தேன் மாதிரியான திரவம் புகையாகும். அந்தக் குழாயில் பாதுகாப்புச் சர்க்யூட் எதுவும் கிடையாது. காயிலின் ஓம், அதாவது மின்தடை, எவ்வளவோ, அதுதான் பாதுகாப்பு. ஓம் குறையக் குறையப் புகை பெருகும். ஒரு அளவுக்குக் கீழே போனால் பேட்டரி தாங்காது. யார் பெரிய புகை விடுவது என்கிற கடைப் போட்டியில் அந்த அளவு பாயிண்ட் இருபது ஓம். அதற்குக் கீழே யாரும் மேடை ஏறக்கூடாது.

போன போட்டியின் கடைசிச் சுற்றில் சிட்ரோவின் தம்பி இகோய் மேடை ஏறினான். காயில் சுற்றிக் கொடுத்தது அண்ணன். மீட்டர் சரியாகப் பாயிண்ட் இருபது காட்டியது. இகோய் குழாயை வாயில் வைத்து அழுத்தினான்; குழாய் வாயிலேயே வெடித்தது. இப்போது ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிக் கிடக்கிறான், பேச்சு இல்லை. அம்மா வார்டு வாசலில் நின்று மூத்தவனை உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டாள். ஊர் முழுக்க ஒரே பேச்சு: பரிசுக்காகத் தம்பியையே அடகு வைத்தவன். கேட்டுக் கேட்டு சிட்ரோவும் அதையே நம்பத் தொடங்கியிருந்தான்.

"அப்படிச் சொல்லாதடா." பக்கத்தில் இருந்த ஜெப்போய் அவன் தோளைத் தட்டினான். போன வருஷச் சாம்பியன். கடைசிச் சுற்றில் இகோயோடு மோத வேண்டியவன். போட்டி பாதியில் நின்றதால் பரிசான ஜகார்த்தா விமான டிக்கெட் அவன் கைக்குத் தானாக வந்தது. சிட்ரோவுக்குச் சின்ன வயதுத் தோழன். பன்றித்தோல் வறுவல் பாக்கெட்டைப் பிரித்து, முதல் கை குலாஸுக்குத்தான் நீட்டினான். மகராசன் என்று குலாஸ் மனசுக்குள் வாழ்த்தினான்.

"சிட்ரோ," என்றாள் ரெமி. "வழக்கமா எத்தனை சுத்து?"

"எட்டுக்கா. எட்டு சுத்தினா பாயிண்ட் இருபது கரெக்டா வரும். கண்ணை மூடிக்கிட்டே சுத்துவேன்."

"அன்னிக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு எட்டு சுத்தினேன், இருபத்தெட்டு காட்டுச்சு. புதுக் கம்பி ரோல், அந்த வாரம்தான் வந்தது. கம்பி கொஞ்சம் மெல்லிசா இருக்கும்போலன்னு நினைச்சேன். மூணு சுத்தைக் கழட்டினேன். இருபதுக்கு வந்துச்சு."

"மத்தவங்க?"

"எல்லாருமே கழட்டினாங்க," என்றார் மாங் ப்ரூடென். "புது ரோல் இப்படி இருக்கேன்னு எல்லாரும் என்னைத் திட்டினாங்க. ஆனா இருபது வரைக்கும் இறங்கினது இகோய் மட்டும்தான். மத்தவங்க கொஞ்சம் மேலயே நின்னுட்டாங்க. மைக்ல நான்தானே வாசிச்சேன்."

"ஜெப்போய், உன்னோடது?"

"இருபத்தெட்டுக்கா." ஜெப்போய் சிரித்தான். "நான் ஜாக்கிரதைப் பேர்வழி. ப்ரூடென் அண்ணன் மைக்லயே கேலி பண்ணாரு, கிழவனாயிட்டியாடான்னு."

ரெமி வறுவல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாராவது சொன்ன பதில் பிடித்துப்போனால் எதையாவது மெல்லுவாள். பிடித்தது எது என்றுதான் குலாஸுக்குப் புரியவில்லை.

"அந்த மீட்டர் எங்க?"

"கீழதான். கல்லா மேல ஆணியில தொங்குது," என்றார் மாங் ப்ரூடென். "கடைக்கு ஒரே மீட்டர், எல்லாரும் இதுலதான் பாக்கறது. கயிறு கட்டலேன்னா எவனாவது பையில போட்டுட்டுப் போயிடுவான்."

"அது எனக்கு வேணும்."

"நான் போறேன்க்கா." ஜெப்போய் சட்டென்று எழுந்து, உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். "எனக்கு நீச்சல் தெரியும்."

"உனக்கு அடிபட்டுடுச்சு பாரு. நீ உக்காரு. குலாஸ் போவான்."

சுஸ்மரியோசெப், ஏசு மரி சூசையே! குலாஸ் வறுவலை மெல்லுவதை நிறுத்தினான்.

"பாஸ், அவனுக்கு நீச்சல் தெரியுமாம். சொல்றான் பாருங்க. நல்ல பையன். போகட்டுமே."

"அதுக்குத்தான் உன்னை அனுப்பறேன். நீச்சல் தெரிஞ்சவன் கையை வீசுவான். நீ பயத்துல கையைத் தலைக்கு மேலயே வெச்சிருப்ப. மீட்டர் நனையாது."

ரெமி காலி ஐஸ்க்ரீம் டப்பா ஒன்றைக் கொடுத்தாள், மூடியோடு. குலாஸ் தனக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. சில்லென்று, சேறும் டீசலும் நாறியது. ஷட்டருக்கு வெளியே அந்த ஃபிரிட்ஜ், யாரோ உள்ளே வரத் தட்டுகிறார்கள் போல், டங் டங் என்று மோதிக்கொண்டே இருந்தது. இருட்டு. பரணுக்கு மேலே போகவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. இப்படியே தண்ணீர் பரண் வரைக்கும் வந்தால் என்ன செய்வது? கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, மீட்டரை டப்பாவில் போட்டு மூடி, தலைமேல் வைத்துக்கொண்டு பரணுக்கு ஏறி வந்தான்.

"பாஸ், சம்பளம் பத்தி நாம பேசணும்."

"முதல்ல துடைச்சுக்கோ."

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாதனம். மேலே காயில் தலையைத் திருகி வைக்க ஒரு வாய், முன்னால் எண் காட்டும் கண்ணாடி. ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. பொத்தானைத் தட்டியதும் விழித்துக்கொண்டது.

"சிட்ரோ, கம்பி, குழாய் எல்லாம் இருக்கா?"

"இடுப்புப் பையில எப்பவும் இருக்கும்க்கா. அதே ரோல்."

"அன்னிக்குச் சுத்தின மாதிரியே சுத்து. ஒண்ணுவிடாம."

சிட்ரோ சுற்றினான். எட்டுச் சுற்று. முடுக்கி மீட்டரில் வைத்தான். இருபத்தெட்டு. மூன்று சுற்றைக் கழற்றினான். கத்திரித்து, முடுக்கி, மறுபடி வைத்தான்.

இருபது.

எல்லாரும் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்கள். மாங் ப்ரூடென் பெருமூச்சு விட்டார். "மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு. அன்னிக்குக் காட்டினதையே இன்னிக்கும் காட்டுது. பாவம், பையன்..." இத்தனை தூரம் நீச்சல் தெரியாமல் போய் எடுத்து வந்தது இதற்குத்தானா என்று குலாஸுக்கு அழுகையே வந்தது. துப்பு துலங்கும் என்று நினைத்தால், கட்சிக்காரன் கழுத்துக்கே கயிறு வந்திருக்கிறது.

"குழாயை முழுசா மாட்டு," என்றாள் ரெமி. "அன்னிக்கு இருந்த மாதிரி பாக்கணும்." கடைக்கு வந்து சேரும் பேட்டரிகளை மாங் ப்ரூடென் போட்டு வைக்கிற பிஸ்கட் டின் பரணிலேயே இருந்தது. அதைக் கிளறி ஒன்றை எடுத்துக் குழாயில் தானே தள்ளி மூடினாள். ஜெப்போய் கிராதியில் முகத்தை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படகு!" என்று கத்தினான். "அக்கா, படகு வருது!"

மோட்டார் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இரண்டு பேர், கம்பி அறுக்கும் கருவியோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்கள். "ஒதுங்கிக்கோங்க, பொறி பறக்கும்!" என்றது ஒரு குரல். கிர்ரென்று இரும்பு அலறத் தொடங்கியது.

சிட்ரோ அசையவில்லை. கையில் குழாயை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான்.

"மீட்டர்ல தப்பில்ல," என்றான். "கம்பியில தப்பில்ல. இருபதுன்னா பேட்டரி தாங்கணும். தாங்கலேன்னா என் கைதான் ஏதோ பண்ணியிருக்கு. எனக்கு அது தெரிஞ்சாகணும்க்கா. தெரியாம நான் எப்படிக்கா அம்மா முன்னாடி நிப்பேன்?"

"டேய், கீழ வை அதை," என்றான் குலாஸ்.

சிட்ரோ குழாயை வாயில் வைத்தான். கட்டை விரல் பொத்தானுக்குப் போனது.

"வேணாம்டா!"

கத்தியது ஜெப்போய். கிராதியிலிருந்து பாய்ந்து வந்து குழாயைத் தட்டிவிட்டான். அது உருண்டு பரண் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. "பைத்தியமாடா உனக்கு? செத்துடுவடா! அது இருபது இல்ல, பன்னெண்டு! பாயிண்ட் பன்னெண்டுடா அது!"

வெளியே இரும்பு அறுபடுகிற சத்தம்.

ரெமி நிதானமாகக் கேட்டாள். "எது பன்னெண்டு?"

ஜெப்போய் ஜன்னல் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"மீட்டர் இருபதுங்குது. அண்ணன் இருபதுங்கறாரு. சுத்தினவனே இருபதுங்கறான். நீ மட்டும் பன்னெண்டுங்கற."

"குத்துமதிப்பா சொன்னேன்க்கா. பயத்துல ஏதோ..."

"குத்துமதிப்பா சொல்றவன் பத்தும்பான், பதினஞ்சும்பான்," என்றான் குலாஸ். "பன்னெண்டுன்னு சொல்றதுக்குத் தராசு வேணும் தம்பி."

ரெமி மாங் ப்ரூடெனிடம் கையை நீட்டினாள். "தடியா ஒரு செம்புத் துண்டு குடுங்க. எர்த் ஒயர் இருந்தாலும் சரி." வாங்கி, சிட்ரோவின் பையில் மிச்சமிருந்த இன்னொரு குழாய்த் தலையில், காயில் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தடித்த செம்பையே வைத்துச் சிட்ரோவை முடுக்கச் சொன்னாள். "இவ்வளவு தடிச் செம்புக்கு ஓம் என்ன காட்டணும்?"

"சைபர்," என்றான் சிட்ரோ. "கிட்டத்தட்டச் சைபர்தான் காட்டணும்."

மீட்டர் எட்டைக் காட்டியது. பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், எட்டு.

"எதை வெச்சாலும் எட்டைக் கூட்டிச் சொல்லுது," என்றாள் ரெமி. "இருபதுல எட்டு போனா?"

"பன்னெண்டு," என்றார் மாங் ப்ரூடென். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் மீட்டரா? என் கல்லா மேலயேவா?"

"திற."

சிட்ரோ ஸ்க்ரூடிரைவரால் முதுகுத் தகட்டை நெம்பினான். உள்ளே, வாயிலிருந்து பலகைக்குப் போகிற வழியில், ஒரு நகம் அளவுக் காயில் கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் ஓம் எவ்வளவோ, அது எல்லாருடைய கணக்கிலும் ஏறும். சின்ன வேலை, சுத்தமான கை.

மாங் ப்ரூடென் சிலுவை போட்டுக்கொண்டார். "நான் இல்லம்மா! சத்தியமா நான் இல்ல! கடைச் சாவி என்கிட்டத்தான் இருக்கு, ஆனா பசங்க கேட்டா குடுத்துடுவேன்..."

"நீங்க இல்லண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மைக்ல அவ்வளவு சந்தோஷமா வாசிச்சிருக்க மாட்டீங்க." ரெமி ஜெப்போய் பக்கம் திரும்பினாள். "புது ரோல் வந்த வாரமாப் பாத்துச் செஞ்சிருக்க. கணக்கு உதைச்சா எல்லாரும் கம்பியைத் திட்டுவாங்க, மீட்டரைத் திட்டமாட்டாங்க. ரொம்ப அழகு. ஆனா ஒரு தப்பு பண்ணிட்ட. எட்டு சுத்தினதும் எல்லாருக்கும் இருபத்தெட்டு வந்தது. எல்லாரும் பதறிக் கழட்டினாங்க. கடைசி ரவுண்டு, ஜகார்த்தா டிக்கெட், எதிர்ல இகோய். அவ்வளவு வெறியில இருக்கறவன் மட்டும் இருபத்தெட்டைப் பாத்துட்டுக் கழட்டாம உக்காந்திருந்தான். ஏன்னா அவனுக்கு மட்டும்தான் தெரியும், அது நிஜமா இருபதுன்னு."

"ஜாக்கிரதைப் பேர்வழி," என்றான் குலாஸ். இவன் கொடுத்த வறுவலைத் தின்ற வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. கீழே கழுவத் தண்ணீருக்குப் பஞ்சமில்லைதான்.

ஜெப்போய் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தான். போவதற்கு அவனுக்கும் இடமில்லை. "வெடிக்கும்னு நினைக்கலக்கா. சூடு ஏறி பேட்டரி படுத்துடும், புகை வராது, அவன் தோத்துடுவான்னுதான். அவ்வளவுதான் நினைச்சேன். என் தம்பி மாதிரிக்கா அவன்."

"அக்கா," என்றான் சிட்ரோ திடீரென்று. "நான் அழுத்தியிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது. டின்ல இருந்தது எல்லாம் செத்த பேட்டரி. அதுல ஈயைக்கூடச் சுட முடியாது." ரெமி மீட்டரை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டே, "நீ அதை வாய்க்குக் கொண்டுபோவேன்னு தெரியும்," என்றாள். "உன்னைப் பாத்தா தெரியாதா? இவன் கத்துவானா மாட்டானான்னு மட்டும்தான் எனக்குத் தெரியல. கத்தலேன்னா என்கிட்ட ஒண்ணும் இல்ல."

கிராதியின் கடைசிக் கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்தது. வெளிச்சம் உள்ளே கொட்டியது. மழையும்தான். ஆரஞ்சுச் சட்டைக்காரர் தலையை நீட்டினார். "யாரு முதல்ல?"

"இவரு." ரெமி ஜெப்போயைக் காட்டினாள். "கெட்டியாப் புடிச்சுக்கோங்க. ஸ்டேஷன்ல இறங்கணும் இவரு."

ஜெப்போய் எழுந்து ஜன்னல் பக்கம் குனிந்து போனான். சிட்ரோ அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். அடிக்கப்போகிறான் என்று குலாஸ் நினைத்தான். அடிக்கட்டும் என்றும் நினைத்தான். சிட்ரோ அடிக்கவில்லை.

"நான் வாயில வெச்சதும் கத்தினியே," என்றான். "அன்னிக்கு இகோய் வெச்சப்போ ஏன்டா கத்தல?"

ஜெப்போயின் உதடு கோணிக்கொண்டு போனது.

"கத்தணும்னுதான்டா வாயைத் திறந்தேன். அடுத்தது ஜெப்போய்னு அண்ணன் மைக்ல கூப்பிட்டாரு. ஜனங்க கை தட்டினாங்க."

சிட்ரோ கையை விட்டுவிட்டான். ஜெப்போயைப் படகில் இறக்கினார்கள். பிறகு மாங் ப்ரூடென், பிறகு ரெமி, மீட்டர் இருந்த ஐஸ்க்ரீம் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு. குலாஸ் சிட்ரோவின் முதுகைத் தள்ளி ஜன்னலில் ஏற்றிவிட்டான்.

"உனக்கு எங்கப்பா போகணும்?" என்று கேட்டார் ஆரஞ்சுச் சட்டைக்காரர். "உன்னையும் ஸ்டேஷன்லதான் விடணுமா?"

"ஆஸ்பத்திரிக்கு," என்றான் சிட்ரோ. மழை முகத்தில் அடித்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா வாசல்லதான் நிப்பாங்க. அது பாயிண்ட் பன்னெண்டுன்னு அவங்ககிட்டச் சொல்லணும்."